திருநங்கைகள் தங்களுக்கான பெயரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

வந்த கேள்வி இது: "அக்கா, எனக்கு வயசு 24. வீட்டுல அம்மாவுக்கு மட்டும் தெரியும். இனிமே பொண்ணாதான் வாழப்போறேன்னு முடிவு பண்ணிட்டேன். பேர்தான் முடிவாகல. அனன்யா, கார்த்திகா, மீனாட்சின்னு மூணு பேர் மனசுல சுத்திக்கிட்டே இருக்கு. மத்தவங்க எல்லாம் எப்படி வச்சுக்கிட்டாங்க? கெஜட்ல எப்ப குடுக்கணும்? இன்னொன்னு, வீட்டுக்குள்ள மட்டும் சேலை கட்டிக்கிற ஒரு நண்பர் இருக்கார். அவரும் ஒரு பேர் தேடுறார். அவருக்கும் சேர்த்துச் சொல்லுங்க."

மூன்றுமே நல்ல பெயர்கள். எதை வைத்தாலும் தப்பில்லை. நானும் திருநங்கைதான். பல வருடமாகச் சான்றிதழ் வேலைகளுக்கு நம் பிள்ளைகளோடு கூடவே அலைகிறவள். அந்த அனுபவத்தில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். பெயரைத் தேர்ந்தெடுப்பது நாம். அது நிலைப்பது கூப்பிடுகிறவர்கள் வாயில். அம்மா கூப்பிட வேண்டும், எதிர்வீட்டு அக்கா கூப்பிட வேண்டும், ரேஷன் கடையில் கூப்பிட வேண்டும், வேலைக்குப் போனால் மேனேஜர் கூப்பிட வேண்டும். 'எனக்கு எது பிடிச்சிருக்கு' என்று கேட்டுக்கொள்வதோடு, 'இந்தப் பேரை யார் யார் சொல்லப்போறாங்க, அவங்க வாயில இது எப்படி வரும்' என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கீழே சொல்லும் எல்லாமே இதைச் சுற்றித்தான் வரும்.

முதலில் நம்முடைய பழைய வழி. ஜமாத் என்பது திருநங்கைகள் குரு, சேலா (சீடப்பிள்ளை) என்று ஒரே குடும்பமாகச் சேர்ந்திருக்கும் கூட்டம். அதற்குள் போகிறவளுக்குப் பெரும்பாலும் பெயரைக் குருதான் வைப்பார். அம்மா-மகள் உறவாகக் குருவும் சேலாவும் ஏற்றுக்கொள்வதை ரீத் போடுவது என்பார்கள். நான் உட்கார்ந்து பார்த்த ஒரு ரீத் இன்னும் கண்ணில் நிற்கிறது. பாய் விரித்து பெரியவர்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் வெற்றிலைத் தட்டு, அதன் மேல் ஒரு புதுச்சேலை. புதிதாக வந்த பிள்ளை எல்லோருக்கும் "பாவ்படுத்தி" (நம் ஜமாத் வணக்கம்) சொல்லிவிட்டுத் தலை குனிந்து நின்றாள். குரு ஒரு பெயர் சொன்னார். உடனே ஓரத்திலிருந்த ஒரு பெரியம்மா, "ஏய், அது என் மூத்த பொண்ணு பேருடி, ஒரே வீட்டுல ரெண்டு பேரா?" என்று மறித்துவிட்டார். இன்னொரு பெயர் வந்தது. அதே பெயரில் ஒருத்தி போன வருடம் இறந்துபோயிருக்கிறாள் என்று வேறொருவர் வேண்டாம் என்றார். மூன்றாவதாக ஒரு பெயர் வந்ததும் யாரும் எதுவும் சொல்லவில்லை. கைதட்டினார்கள். அந்த நிமிடத்திலிருந்து அவளை எல்லோரும் அந்தப் பெயரிலேயே அதட்டினார்கள், வேலை ஏவினார்கள், சாப்பிடக் கூப்பிட்டார்கள். பழைய பெயரை யாரும் கேட்கவே இல்லை.

இந்த வழியில் ஒரு பெரிய பலம் இருக்கிறது. பெயர் கிடைக்கும்போதே அதைச் சொல்லிக் கூப்பிட இருபது முப்பது பேர் கிடைத்துவிடுகிறார்கள். வீட்டை விட்டு வெளியேறி வந்த பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். குறையும் இருக்கிறது: தனக்குப் பிடிக்காத பெயரை மரியாதைக்காக வருடக்கணக்கில் சுமப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். இப்போது படிக்கிற, வேலைக்குப் போகிற பிள்ளைகள் ஜமாத்துக்குள் வராமலே இருப்பதும் உண்டு. வந்தாலும் பெயரைத் தாங்களே சொல்லிவிடுகிறார்கள். பல குருக்கள் அதைச் சந்தோஷமாக ஒத்துக்கொள்கிறார்கள். ஒரே பெயரில் பலர் இருந்தால் ஊர் முன்னால் வந்துவிடும்: சேலம் சிம்ரன், ஈரோடு சிம்ரன். அதுவும் ஒரு முகவரிதான்.

சிம்ரன் என்றதும் சினிமாவுக்கு வந்துவிடுகிறேன். நம் பெயர்களில் நடிகைகளின் பெயர் நிறைய இருப்பதைப் பார்த்து வெளியாட்கள் சிரிப்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்பில் உடன்பாடு இல்லை. ஊரில் பிறந்த பெண் குழந்தைகளுக்கு நடிகை பெயர் வைக்காத தமிழ்க் குடும்பம் எங்கே இருக்கிறது? நதியா தமிழில் அறிமுகமானது 1985-இல். அதன் பிறகு தோடு, வளையல், கொண்டை எல்லாமே நதியா பெயரில் விற்றது. 1980-களின் கடைசியில் குஷ்பு வந்தார், 1997-இல் சிம்ரன், 1999-இல் ஜோதிகா, 2005-இல் நயன்தாரா. ஒரு திருநங்கையின் பெயரைக் கேட்டால் அவள் கண்ணாடி முன் நின்று துப்பட்டாவைத் தலையில் போட்டுப் பார்த்த வயது எந்த வருடம் என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். சுற்றியுள்ளவர்கள் "நடையப் பாரு" என்று கேலி செய்த காலத்தில், அழகான, தைரியமான ஒரு பெண்ணை அவள் திரையில்தான் பார்த்தாள். அந்தப் பெயரை எடுத்துக்கொண்டதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஒரே ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. ரொம்பப் பிரபலமான, ஒரே ஒருவரை மட்டும் நினைவுபடுத்தும் பெயர் என்றால், அலுவலகத்திலோ போலீஸ் ஸ்டேஷனிலோ பெயரைச் சொன்னதும் ஒரு பார்வை பார்ப்பார்கள். 'ஜோதி', 'ரேவதி' மாதிரி ஊரில் எல்லோருக்கும் இருக்கும் பெயர் என்றால் அந்தப் பார்வை வராது.

உங்கள் பட்டியலில் உள்ள அனன்யாவை இந்த இடத்தில் பார்ப்போம். பெயர் அழகு, உச்சரிப்பும் சுலபம். ஆனால் அது இன்றைக்குப் பள்ளிக்கூடம் போகிற குழந்தைகள் பலருக்கு இருக்கிற பெயர். உங்கள் வயதுப் பெண்களில் அது குறைவு, அவ்வளவுதான். 24 வயதில் அது உறுத்தாது. நாற்பதைத் தாண்டி மாறுகிறவர்களுக்குத்தான் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்வேன். தன் வயதையொத்த பெண்களுக்கு என்ன பெயர் இருக்கிறது என்று கூடப் படித்த பெண்களின் பெயர்களை நினைத்துப் பார்த்தால் போதும்: கவிதா, சுமதி, உமா, கீதா, பிரியா, விஜயலட்சுமி. கூட்டத்தோடு கலந்து போகிற பெயர் வேண்டும் என்றால் அந்தப் பட்டியலில் தேடுங்கள். தனித்துத் தெரிய வேண்டும் என்றால் எதையும் வைக்கலாம். எது வேண்டும் என்று முன்பே தெரிந்துகொண்டு வையுங்கள்.

இரண்டாவது பெயர் கார்த்திகா. உங்கள் பழைய பெயரை நான் கேட்கவில்லை, சொல்லவும் வேண்டாம். ஆனால் பழைய பெயரின் ஓசையிலிருந்து புதுப்பெயர் எடுப்பது மிகவும் பரவலான வழி. செல்வம் செல்வியாவார், விஜய் விஜயாவாவார், குமார் குமாரியாவார், ரமேஷ் ரம்யாவாவார். இதில் ஒரு பெரிய வசதி வீட்டுக்குள் கிடைக்கிறது. விஜி, மணி, செல்வா, சிவா, தமிழ் என்று நம் ஊர்ச் செல்லப்பெயர்கள் பலவும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. அப்பா மனதளவில் இன்னும் ஏற்றுக்கொள்ளாத நிலையில்கூட "மணி, சாப்பிட வா" என்று கூப்பிட்டுவிட முடியும். அவருக்கு அது பழைய மணி, உங்களுக்கு மணிமேகலையின் மணி. வருடங்கள் போகப் போக அவருக்கும் அது மணிமேகலையாகிவிடும். இப்படி மெல்ல மாறிய வீடுகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன். சண்டை போட்டு மாற்றிய வீடுகளைவிட இவற்றில் காயம் குறைவு.

எல்லோருக்கும் இது ஒத்துவராது. பழைய பெயரைக் கேட்டாலே நெஞ்சு அடைக்கும் என்கிறவர்களுக்கு அதன் முதல் எழுத்துகூட வேண்டாம். பள்ளியில் அந்தப் பெயரை இழுத்து நீட்டிக் கேலி செய்திருப்பார்கள், அந்தப் பெயரைச் சொல்லித்தான் அடித்திருப்பார்கள். உங்களுக்கு எப்படி என்று ஒரு சோதனை: யாராவது பின்னாலிருந்து "கார்..." என்று தொடங்கினால் உடம்பு என்ன செய்கிறது? திரும்பிப் பார்க்கத் தோன்றினால் கார்த்திகா சரி. உடம்பு இறுகினால் அந்தப் பெயரை விட்டுவிடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

தெய்வப் பெயர்கள் தனி வழி. நம்மில் பலர் சின்ன வயதில் அம்மன் கோயில் கொடையில் சாமியாடியவர்கள். சாமி வந்து ஆடும்போது மட்டும்தான் ஊர் நம்மைக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கும். அங்காளம்மா, ஈஸ்வரி, பவானி, துர்கா, காளியம்மா என்று வைத்துக்கொள்வதன் வேர் அங்கே இருக்கிறது. கூத்தாண்டவர் கோயிலுக்குச் சித்திரையில் போய் வந்தவர்களுக்கு மோகனா, மோகினி என்ற பெயர்கள் பழக்கம். அரவானுக்கு வாழ்க்கைப்படக் கண்ணன் மோகினி வடிவெடுத்த கதைதானே கூவாகத்தில் தாலியாக ஏறுகிறது. உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்தில் உள்ள அந்தச் சின்ன ஊருக்கு முதல்முறை வருகிற பிள்ளைகளிடம் அக்காமார் கேட்கும் முதல் கேள்வியே "உன் பேரு என்னம்மா?" என்பதுதான். அதுவரை மனதுக்குள் மட்டும் வைத்திருந்த பெயரை வாய்விட்டு முதன்முதலாகச் சொன்ன இடம் கூவாகம் என்று சொல்கிறவர்கள் பலர். பெயரே யோசிக்காமல் வந்தவளுக்கு அங்கேயே ஒரு அக்கா வைத்துவிடுவதும் உண்டு. அது விளையாட்டாக ஆரம்பித்து அப்படியே நிலைத்துவிடும்.

கலை வழியாகவும் பெயர் வரும். நம்மைப் போலத் திருநங்கையான பரதக் கலைஞர் நர்த்தகி நடராஜ் அம்மாவுக்கு அந்தப் பெயர் வந்தது தஞ்சை கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் கற்றபோது. நர்த்தகி என்ற பெயரைக் குருதான் வைத்தார். 2019-இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது நாடே அந்தப் பெயரைத்தான் படித்தது. நம் ஜமாத்தில் குரு பெயர் வைப்பதும், நாட்டியத்தில் குரு பெயர் வைப்பதும் ஒரே மாதிரி நடக்கிறது என்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம். அதோடு அவர் நடராஜ் என்பதையும் பெயரோடு சேர்த்தே வைத்திருக்கிறார். ஆடுகிறவள் என்பதோடு ஆடலரசன் பெயரும்.

இப்போது மூன்றாவது பெயர், மீனாட்சி. உங்கள் கேள்வியில் அது எங்கிருந்து வந்தது என்று சொல்லவில்லை. ஒருவேளை பாட்டி பெயராக இருந்தால், என் ஓட்டு அதற்குத்தான். காரணம் சொல்கிறேன். பேரப்பிள்ளைக்குத் தாத்தா பாட்டி பெயரை வைப்பது நம் வீடுகளின் வழக்கம். பாட்டி பெயரை நீங்கள் எடுத்தால், உறவுக்காரர்களுக்கு நீங்கள் புதிதாக எதையோ கொண்டுவந்தவளாகத் தெரியமாட்டீர்கள். வீட்டுப் பெயரை எடுத்துக்கொண்ட பெண்ணாகத் தெரிவீர்கள். மாமியார் பெயரைச் சொல்லிக் கூப்பிட உங்கள் அம்மா தயங்கினால் 'மீனா' என்று அழைத்துக்கொள்ளட்டும். பெயர் பழையதாக இருக்கிறதே என்று யோசிக்காதீர்கள். மீனா என்பது எந்த வயதுக்கும் பொருந்தும்.

பாட்டி பெயர் இல்லை என்றால் அம்மாவிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். "நான் பொண்ணாப் பொறந்திருந்தா என்ன பேர் வச்சிருப்பே?" வயிற்றில் சுமக்கும்போது எந்தத் தாயும் இரண்டு பெயர் யோசித்துத்தான் வைத்திருப்பாள். உங்களைப் பற்றி அம்மாவுக்கு மட்டும் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்தக் கேள்வியைக் கேட்க உங்களுக்கு வாய்ப்பு இருக்கிறது. நம்மில் பலருக்கு அது கிடைக்கவில்லை. சில அம்மாக்கள் அழுவார்கள், சிலர் பதில் சொல்லாமல் எழுந்து போய்விடுவார்கள், இரண்டு நாள் கழித்து வந்து ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போவார்கள். அம்மா வாயிலிருந்து வந்த பெயரை எந்த அக்கம்பக்கத்துக்காரரும் கேள்வி கேட்க முடியாது.

இனி இனிஷியல். இதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை, பிறகு கஷ்டப்படுகிறார்கள். தமிழ்நாட்டில் பெயர் என்றால் முன்னால் அப்பாவின் முதல் எழுத்து நிற்கும். அப்பா வீட்டைவிட்டுத் துரத்தியிருந்தால் அந்த எழுத்தை ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்கிறவர்கள் நிறைய. அம்மாவின் எழுத்தை வைப்பவர்கள் உண்டு, குருவின் எழுத்தை வைப்பவர்கள் உண்டு, ஒன்றுமே வேண்டாம் என்பவர்களும் உண்டு. நம் ஆட்களில் வெளியே தெரிய வந்தவர்களின் பெயர்களைக் கவனித்துப் பாருங்கள்: பிரித்திகா யாஷினி, கிரேஸ் பானு, சத்யஸ்ரீ ஷர்மிளா, லிவிங் ஸ்மைல் வித்யா. எல்லாம் இரட்டைப் பெயர், அல்லது அதற்கும் மேலே. ஒவ்வொருவருக்கும் அவரவர் காரணம் இருக்கும். ஆனால் இனிஷியலை விட்ட இடத்தை நிரப்ப இரண்டாவது பெயர் உதவுகிறது என்பது என் கணிப்பு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் கேட்பார்கள். பான் அட்டையில் இனிஷியலை விரித்து எழுதச் சொல்வார்கள். இரண்டாவது பெயர் இருந்தால் அங்கே அப்பா பெயர் தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது. இந்த மாதிரிப் பெயர் வேண்டும் என்றால் தொடக்கத்திலேயே இரண்டையும் சேர்த்து முடிவு செய்யுங்கள், நடுவில் சேர்த்தால் எல்லாத் தாளையும் மறுபடி மாற்ற வேண்டிவரும்.

மதத்தைப் பற்றிச் சுருக்கமாக: ஜமாத்தில் பேகம், பானு, ஹசீனா என்று பெயர் வைத்திருக்கும் இந்துக் குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு, லட்சுமி என்று பெயருள்ள கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு. நம் வீட்டுக்குள் அது ஒரு பொருட்டே இல்லை. வெளியே வாடகை வீடு தேடும்போது மட்டும் பெயரை வைத்து எடை போடுவார்கள். சாதி தெரியாத பெயராக வேண்டும் என்று தேடி, யாழினி, கயல்விழி, ஓவியா, தென்றல் என்று தமிழ்ப் பெயர் வைத்துக்கொள்கிற இளம்பிள்ளைகள் இப்போது அதிகம். எனக்கு அது மனதுக்கு நிறைவாக இருக்கிறது. ஒன்று மட்டும், 'ழ' வரும் பெயரை வெளிமாநில அதிகாரிகள் பாடாய்ப்படுத்துவார்கள். ஆங்கில எழுத்துகளில் அதை எப்படி எழுதப்போகிறீர்கள் என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

நட்சத்திரம் பார்ப்பவர்கள் பஞ்சாங்கத்தில் உள்ள நாம எழுத்தைப் பார்த்து வைக்கிறார்கள். அசுவினிக்குச் சு, சே, சோ, லா, ரோகிணிக்கு ஓ, வா, வீ, வூ என்று. நம்பிக்கை இருந்தால் தாராளமாகப் பாருங்கள். இரண்டாம் பிறப்புக்கும் ஜாதகம் உண்டு என்று நம்புகிற அக்காமாரை எனக்குத் தெரியும். ஆனால் எண் கணிதம் பார்த்து ஆங்கிலத்தில் ஒரு 'ஏ' சேர்ப்பது, ஒரு 'ஹெச்' சேர்ப்பது வேண்டவே வேண்டாம். ஆதாரில் ஒரு எழுத்து, பேங்கில் ஒரு எழுத்து என்று ஆகிவிட்டால் ஏற்கெனவே நமக்கு இருக்கிற அலைச்சல் இரட்டிப்பாகும். எழுத்துப்பிழை உள்ள தாளோடு போகிற பெண்ணிடம் கிளார்க் ஒரு கேள்வி கேட்பார். நம்மிடம் பத்துக் கேள்வி கேட்பார்.

கெஜட் எப்போது என்று கேட்டீர்கள். அவசரப்படாதீர்கள் என்பதுதான் என் பதில், அதற்குக் காரணமும் இருக்கிறது. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம். அதில் ஒன்றை அரைகுறை முடிவில் செலவழித்துவிட்டால் பிறகு ஒன்றுதான் மிச்சம். முதலில் பெயரை வாழ்ந்து பாருங்கள். நம்பகமான நான்கு பேரிடம், "இனி என்னை இப்படிக் கூப்பிடுங்க" என்று சொல்லுங்கள். ஒரு மாதம் ஒரு பெயர், அடுத்த மாதம் இன்னொன்று என்றுகூட மாற்றிப் பார்க்கலாம், அவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். டீக்கடையில் பார்சல் சொல்லும்போது அந்தப் பெயரைக் கொடுங்கள். போனில் யாரிடமாவது சொல்லுங்கள்: முதல் தடவையிலேயே அவர்களுக்குக் காதில் சரியாக விழுகிறதா, "என்னது?" என்று திரும்பக் கேட்கிறார்களா? கோபத்தில் கூப்பிட்டால் எப்படி இருக்கிறது என்றும் கேட்டுப் பாருங்கள். தூக்கக் கலக்கத்தில் அந்தப் பெயருக்கு "ம்ம்" என்று நீங்கள் பதில் சொல்லிவிட்டால், பெயர் உங்களுடையதாகிவிட்டது.

அதன் பிறகு தாள் வேலை. 2014 ஏப்ரல் 15 அன்று நல்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் திருநர்களின் பாலின அடையாளத்தை அங்கீகரித்தது. அதற்குச் சரியாக ஆறு வருடம் முன்பு, 2008-இல் அதே தேதியில்தான் தமிழ்நாட்டில் நமக்கு நலவாரியம் வந்தது. அந்த நாளைத்தான் திருநங்கையர் தினமாகக் கொண்டாடுகிறோம். 2019-இல் இயற்றிய திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர் அடையாளச் சான்றிதழ் கொடுப்பார். 2020 நவம்பரில் அதற்கென ஒன்றிய அரசின் இணையதளம் வந்துவிட்டதால் விண்ணப்பம் அதன் வழியாகவே போகிறது. அந்தச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு, சான்றிதழ் பெற்றவர் பிறப்புச் சான்றிதழிலும் மற்ற அடையாள ஆவணங்களிலும் முதற்பெயரை மாற்றிக்கொள்ள உரிமை உண்டு என்று சொல்கிறது. முதற்பெயர் என்றுதான் எழுதியிருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். இனிஷியலைப் பற்றி நான் மேலே சொன்னது இதற்காகவும்தான். படிவமும் இணைக்க வேண்டிய தாள்களும் அவ்வப்போது மாறும் என்பதால், விண்ணப்பிக்கும் அன்று இணையதளத்தில் இருப்பதைப் படித்துவிட்டு நிரப்புங்கள். பழைய ஆள் யாரோ சொன்னதை வைத்து நிரப்ப வேண்டாம்.

கெஜட் தனி வழி. தமிழ்நாடு அரசிதழின் ஆறாம் பகுதி, நான்காம் பிரிவில் பெயர் மாற்ற அறிவிப்புகள் வரிசையாக வரும். இன்னார், பிறந்த தேதி இது, பூர்வீக மாவட்டம் இது, இந்த முகவரியில் வசிப்பவர், இனி இன்ன பெயரால் அறியப்படுவார். அவ்வளவுதான் வாசகம். கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாற்றியவர், மதம் மாறியவர், எண் கணிதத்துக்காக மாற்றியவர் எல்லோருக்கும் நடுவில் நம் பெயரும் இருக்கும். அதில் பழைய பெயர் அச்சாகிறது என்பது பலருக்கு வலிக்கும் இடம். அந்தத் தாளை எல்லோருக்கும் காட்ட வேண்டியதில்லை. படிப்புச் சான்றிதழோடு இணைப்பதற்கும், பழைய பெயரில் இருக்கிற பேங்க் கணக்கு, எல்ஐசி பாலிசி, சொத்துப் பத்திரம் போன்றவற்றுக்கும் அது தேவைப்படும். நான் சொல்லும் வரிசை: முதலில் திருநர் சான்றிதழைப் புதுப்பெயரிலேயே வாங்குங்கள், அதை வைத்து ஆதார், அதன் பின் பான், பேங்க், வாக்காளர் அட்டை. பள்ளி, கல்லூரிச் சான்றிதழ்கள்தான் கடைசி வரை இழுத்தடிக்கும். அதற்குள் வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தால் கெஜட்டை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எல்லாத் தாளிலும் ஒரே எழுத்து, ஒரே இடைவெளி, ஒரே வரிசை. அந்த எழுத்துக்கூட்டலை ஒரு காகிதத்தில் எழுதிப் பர்சில் வைத்துக்கொண்டு, படிவம் நிரப்பும்போதெல்லாம் அதைப் பார்த்தே எழுதுங்கள்.

பெயர் மாறிய பிறகும் யாராவது "அது சரி, ஒரிஜினல் பேரு என்ன?" என்பார்கள். பதில் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. "மீனாட்சிதான்" என்றோ "கார்த்திகாதான்" என்றோ சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போங்கள். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: தயவுசெய்து அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்காதீர்கள். நாங்கள் இவ்வளவு யோசித்து, இவ்வளவு அலைந்து வாங்கிய பெயரை ஒரு நொடியில் பொய்யாக்கிவிடுகிறது அது.

இனி உங்கள் நண்பருக்கு. பெண் உடையில் இருக்கும் நேரத்துக்கு ஒரு பெயர் வேண்டும் என்று அவர் நினைப்பது இயல்பு. நம் ஊரில் அதற்கு நீண்ட பழக்கம் உண்டு. நாடகக் கம்பெனிகளில் ஸ்திரீ பார்ட் போட்டவர்கள் எத்தனை பேர். டி.கே. சண்முகம் ஔவையார் வேடம் கட்டியதால் கடைசிவரை அவ்வை சண்முகமாகவே இருந்தார். குலசேகரன்பட்டினம் தசராவில் காளி வேடம் கட்டி விரதம் இருக்கிற ஆணை ஊரே "அம்மா" என்றுதான் கூப்பிடும், காலில் விழும். வேடம் கலைந்ததும் அவர் மறுபடி தன் வேலைக்குப் போய்விடுவார். உங்கள் நண்பர் திருநங்கையாக வாழ விரும்புகிறாரா, சேலை கட்டும் நேரம் மட்டும் போதுமா என்பது அவர் விஷயம். இரண்டாவதுதான் என்றால் அதையும் மதித்து, அந்த நேரத்தில் அந்தப் பெயரில் கூப்பிடுங்கள்.

அவர் பெயர் தேடும்போது நான் உங்களுக்குச் சொன்னதில் பாதியைத் திருப்பிப் போட வேண்டும். யாருக்கும் தெரியக்கூடாது என்றால், பழைய பெயரின் ஓசையில் எடுக்கவே கூடாது, முதல் எழுத்துகூட ஒத்துப்போக வேண்டாம். பாட்டி பெயர், அக்கா தங்கை பெயர், கூட வேலை செய்கிற பெண்ணின் பெயர் எதுவும் வேண்டாம். கல்யாணமானவர் என்றால் மனைவியின் பெயரையும், முன்பு காதலித்த பெண்ணின் பெயரையும் கட்டாயம் தவிர்க்கச் சொல்லுங்கள். நாளைக்கு விஷயம் வெளியே வந்தால் சேலை கட்டியதைவிட அந்தப் பெயர்தான் வீட்டில் பெரிய சண்டையாகும். ஊரில் நிறையப் பேருக்கு இருக்கிற சாதாரணப் பெயராக, கவிதா, ரம்யா, தேவி என்று எடுத்தால் தேடினாலும் சிக்காது. அந்தப் பெயரில் அவர் ஆன்லைனில் புடவையோ வளையலோ வாங்கினால், ஜிபே-யில் பணம் அனுப்பும்போது எதிரே இருப்பவருக்குத் தெரிவது பேங்க் கணக்கில் உள்ள பெயர்தான். போன் நம்பரைக் கொடுத்தால் ட்ரூகாலர் அவருடைய நிஜப்பெயரைக் காட்டிவிடும். தனி சிம், தனி மெயில், டெலிவரி எடுக்கும்போது கையில் காசு என்று பழகிக்கொள்ளச் சொல்லுங்கள். பெயரை அவர் தேர்ந்தெடுத்ததும் முதலில் கூப்பிடப்போவது பெரும்பாலும் நீங்கள்தான், அதனால் அவர் இரண்டு மூன்று பெயரைச் சொல்லும்போது ஒவ்வொன்றையும் வாய்விட்டுக் கூப்பிட்டு, அவர் எதற்குத் திரும்பிப் பார்க்கிறார் என்று பாருங்கள்.